பிரதர்ஸ் இறங்கிய வருஷம்

ஜனவரி 6, ஞாயிறு

நான்கு – பூஜ்யம். தொடர்ந்து ஐந்தாவது தோல்வி.

மூன்றரை மணி வெயிலில், சிமெண்ட் படியில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்து, எங்கள் பிரிட்ஜ் பிரதர்ஸ் நான்கு கோல் வாங்கியதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். முதல் கோலுக்குத் திட்டினோம். இரண்டாவதுக்கு இன்னும் திட்டினோம். மூன்றாவதுக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. நான்காவது விழுந்தபோது பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் கூடினோம். ஆட்டோ ஓட்டும் கன்னியப்பன் கிளாஸைக் கையில் வாங்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"லோகேஷை எதுக்கு உக்கார வெச்சுக்கினு கீறான் அந்த ஆளு? டிசம்பர் வரைக்கும் ஆறு கோல் அட்ச்ச பையன். இப்போ பெஞ்சுல டவலைப் போத்திக்கினு குந்திக்கினு கீறான். இன்னாணா நியாயம் இது?"

வாட்ச் ரிப்பேர் கடை ஷாஜகான் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டினான். பிரதர்ஸ் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தின் கணக்கும் அதில் இருக்கும். "லோகேஷ் ஆடுன ஏழு மேட்சுல நாலு ஜெயிச்சோம். ஆடாத அஞ்சுலயும் தோத்தோம். இதுக்கு மேல இன்னா வேணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த அணிக்கு ஒன்பது வருஷம் கோல் கீப்பராக நின்றவன் என்ற மரியாதை. கோச் எபினேசர், எனக்கு எபி, அந்தக் காலத்தில் எங்கள் கேப்டன் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

"ஆளைத் தூக்கி ஓரமா வைக்கிறது அவனுக்குப் புதுசா என்ன?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஜனவரி 9, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. என் வீட்டுக்காரி கோமளாவுக்காக ரேஷன் கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். இரண்டு கிலோ துவரம்பருப்பு.

வரிசையில் நின்றபோது எண்பத்தெட்டாம் வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. அப்போது மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. கோட்டுக்கு வெளியே ஒரு கயிறு. கயிற்றுக்கு வெளியே வியாசர்பாடி முழுதும் நிற்கும். மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை ஸ்டாண்ட் போடாமல் அதன்மேலேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு கூட்டம் எப்போதும் எனக்கென்றே இருக்கும். "மாசிலாமணி, அவன் லெஃப்டுல அடிப்பான்டா, லெஃப்டுல!" என்று காதுக்குப் பக்கத்தில் கத்துவார்கள். மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. பந்து தண்ணீரில் ஊறி, தூக்கினால் ஒரு பூசணிக்காய் கனம் இருக்கும். அதைத் தலையால் முட்டிவிட்டு எபி சிரிப்பான்.

வெளியூர் போனால் நானும் எபியும் ஒரே அறை. ஒரே சோப்பு, ஒரே சீப்பு. எனக்கு ரயிலில் தூக்கம் வராது என்று அவனும் விழித்துக்கொண்டு வருவான்.

அந்த வருஷம் கோயம்புத்தூரில் ஃபைனல். ஆட்டத்தன்று காலையில் எபி என்னை அணியிலிருந்து எடுத்தான். "மாசி ஃபார்ம்ல இல்ல" என்று கமிட்டியிடம் சொன்னானாம். நான்கு ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் விட்டவன் ஃபார்மில் இல்லை! ரிசர்வ் கீப்பரை இறக்கினான். மூன்று – பூஜ்யம் தோற்றோம். காரணம் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியதும் எபி வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் கல் விழுந்தது. இரண்டு தெரு தள்ளி என் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வருஷம்.

ஜனவரி 13, ஞாயிறு

இரண்டு – பூஜ்யம். ஆறாவது தோல்வி. அட்டவணையில் கடைசி இடம். இப்படியே போனால் சீனியர் டிவிஷனிலிருந்து கீழே இறக்கிவிடுவார்கள். நாற்பது வருஷத்தில் பிரதர்ஸ் ஒருமுறைகூட இறங்கியதில்லை.

லோகேஷ் இன்றும் பெஞ்சில். இடைவேளையில் "லோகேஷ்! லோகேஷ்!" என்று ஐந்து நிமிஷம் கத்தினோம். எபி திரும்பியே பார்க்கவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு டிரெஸ்ஸிங் ரூம் படியேறினான். பத்துப் படி. நடுவில் ஒருமுறை நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவமானத்தில் கால் ஓடவில்லை போலிருக்கிறது, பாவம்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். கோமளா வைத்த கரும்பில் இடித்துக்கொண்டேன். இடது பக்கம் வைக்காதே என்று எத்தனை தடவை சொல்வது?

ஜனவரி 20, ஞாயிறு

ஏழாவது. மூன்று – ஒன்று. அந்த ஒன்றும் அவர்களே தங்கள் வலைக்குள் தள்ளிக்கொண்டது.

டீக்கடையில் இன்று நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். கீப்பர் சரியில்லை என்று ஒரு கட்சி. பின்னால் தடுத்து ஆட நைஜீரியாவிலிருந்து வந்த ஸ்டாப்பர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான், அவனை அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்சி. எல்லாக் கட்சியும் கடைசியில் எபியிடம்தான் வந்து நின்றன.

"கத்தினா ஒண்ணியும் ஆவாது. கமிட்டிக்கு எழுதிக் குட்க்கணும். ஊர் கையெழுத்தோட" என்றான் ஷாஜகான்.

"யாரு எழுதறது?" என்றான் கன்னியப்பன். உடனே, "மாசிணா, கவர்மெண்டு ஆபீஸ்ல முப்பது வருஷம் எழுதுன கை. நீதான்ணா எழுதணும்."

எழுதினேன். வீட்டுக்கு வந்து, கோடு போட்ட தாளில், இரண்டு பக்கம். "மேற்படி பயிற்சியாளர் தகுதி வாய்ந்த வீரர்களைத் தன் சொந்த விருப்பு வெறுப்புக் காரணமாக ஒதுக்கிவைக்கும் வழக்கம் உடையவர் என்பதை இந்த ஊர் முன்பும் கண்டிருக்கிறது." இந்த வரியை எழுதியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நல்ல வரி.

கோமளா பின்னாலிருந்து படித்திருக்கிறாள்.

"முன்பும்னா எது?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது?" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 21, திங்கள்

கையெழுத்துகள் நூற்றுப் பன்னிரண்டு. முதல் கையெழுத்து என்னுடையது.

ஜனவரி 27, ஞாயிறு

ஆட்டத்துக்கு முன்பே கமிட்டி கூடியது. எபியை எடுத்துவிட்டார்கள்.

நாங்கள் வாசலில் நின்றோம். அரைமணியில் எபி வெளியே வந்தான். தோளில் பை. முடி முழுக்க நரைத்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் பார்த்து வெகுநாளாகிறது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. கன்னியப்பன்கூடச் சத்தம் போடவில்லை.

என் முன்னால் வந்தபோது நின்றான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். கையில் என் மனுவின் நகல். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

இரண்டு – பூஜ்யம் தோற்றோம். உதவி கோச் நடத்திய ஆட்டம், அதனால் அது கணக்கில் சேராது என்று ஷாஜகான் சொல்கிறான்.

ஜனவரி 29, செவ்வாய்

கோமளா இரண்டு நாளாகப் பேசவில்லை. உப்புமா.

பிப்ரவரி 3, ஞாயிறு

ஒன்று – ஒன்று! டிரா! எட்டுத் தோல்விக்குப் பிறகு ஒரு பாயிண்ட்!

புதுக் கோச் ரமணன். வெளியூர்க்காரர், சின்ன வயது, கழுத்தில் இரண்டு விசில். கோட்டோரம் ஓடிக்கொண்டே இருக்கிறார். ஆட்டம் முடிந்து எங்கள் பக்கம் வந்து கும்பிட்டார். "அடுத்த வாரம் லோகேஷ் ஆடுவாரு" என்று அறிவித்தார். கன்னியப்பன் படியிலிருந்து குதித்ததில் செருப்பு அறுந்துவிட்டது.

எண்பத்தாறில் செமிஃபைனல் ஜெயித்தபோது எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தின் மேல் ஊர்வலம் போனார்கள். என்னைத் தூக்கினவர்களில் எபியும் ஒருவன். அவனும் ஆடிவிட்டு வந்தவன், அவனைத்தான் யாராவது தூக்கியிருக்க வேண்டும். "நீ கனக்கறே மாசி" என்று கீழிருந்து சொல்லிக்கொண்டே வந்தான்.

இதை எதற்கு இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9, சனி

காலை ஏழு மணி. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். எபி நின்றுகொண்டிருந்தான்.

"உள்ள வரலாமா?"

கோமளாதான் முதலில் பேசினாள். "வாங்கண்ணா." நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

எபி உட்காரவில்லை. "மாசி, லோகேஷ் நாளைக்கு ஆடக் கூடாது" என்றான்.

"இத சொல்லத்தான் வந்தியா? இன்னும் அடங்கலையா உனக்கு?" முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு நான் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை இது.

"டிசம்பர்ல ப்ராக்டீஸ்ல பொத்துனு விழுந்தான்டா. யாரும் இல்ல, நான் மட்டுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். ஸ்கேன் எட்த்தாங்க. இதயத்து சதை தடிச்சுக்கினு இருக்குதாம். ஓடுனா நின்னாலும் நின்னுடும்னு டாக்டர் சொன்னாரு. அவங்கம்மாவுக்குத் தெரியாது."

"கமிட்டிக்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"மார்ச்சுல அவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு இண்டர்வியூ. காலைப் புட்ச்சுக்கினு அழுதான், சொல்லாதீங்க சார்னு. சரி, நாம எறக்காம இருந்தா போதும், நம்மளத்தானே திட்டுவாங்கன்னு இருந்துட்டேன். தப்புதான். இப்போ நான் போயி சொன்னா, வேலை போன கடுப்புல சொல்றான்னுவாங்க. புதுக் கோச்சுக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன், கட் பண்ணிட்டாரு. நீ சொன்னா ஊரு கேக்கும்."

என்னைக் குத்திக்காட்டவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, கோமளாவிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது மத்தியானம். கோமளா காய்கறி வாங்கப் போயிருக்கிறாள். ஜனவரி 9 அன்று எழுதியதை எடுத்துப் படித்தேன். அதில் ஒரு வரி பொய்.

காரணம் எனக்குத் தெரியும். ஃபைனலுக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு பயிற்சி ஆட்டத்தில் என் இடது கண்ணில் ஒருவனுடைய முழங்கை பட்டது. வீக்கம் இறங்கிய பிறகும் அந்தப் பக்கம் புகை மூட்டமாகவே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வரப்போகிறது, மெடிக்கல் மட்டும் பாக்கி. கோயம்புத்தூர் லாட்ஜில், ஃபைனல் அன்று காலை, எபி மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். எலுமிச்சம்பழங்களை என் இடது பக்கமாக ஒவ்வொன்றாக வீசினான். ஆறு பழம். ஒன்றைக்கூட நான் பிடிக்கவில்லை. ஆறாவது பழம் மாடிச் சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்தது.

"இன்னொரு கண்ணுலயும் பட்டா இன்னாடா பண்ணுவே?" என்று கேட்டான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "எடுத்துடு. ஆனா காரணத்தைச் சொல்லாதே. உங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். காப்பாற்றினான். எனக்கு வேலை கிடைத்தது. கண் பரிசோதனைப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எபிக்குக் கல் கிடைத்தது. கல் விழுந்த அன்று நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெடிக்கல் முடியட்டும் என்று இருந்தேன். மெடிக்கல் முடிந்ததும், வேலை நிரந்தரமாகட்டும் என்று இருந்தேன். பிறகு டீக்கடையில் யாரோ "உன்னை அநியாயமா எடுத்துட்டானே" என்றார்கள். நான் "ஆமாம்" என்றேன். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரு கட்டத்தில் அதுவே நடந்ததாகிவிட்டது.

பிப்ரவரி 10, ஞாயிறு

ரயில்வே கேட் பக்கத்தில் லோகேஷின் வீடு. காலையிலேயே போனேன். அவன் அம்மா இட்லிக் கடையில் இருந்தார்கள். பையன் ஷூவுக்கு லேஸ் கோத்துக்கொண்டிருந்தான்.

"எபி சொன்னான்" என்றேன். அவன் கை நின்றது.

என் கதையைச் சொன்னேன். எலுமிச்சம்பழம் வரைக்கும் ஒன்றுவிடாமல். முழுதும் கேட்டுவிட்டு அவன் கேட்டான்:

"நீங்க மறைச்சீங்க. வேலைக்கும் போனீங்க. பென்ஷனும் வாங்கறீங்க. என்னை மட்டும் சொல்ல சொல்றீங்களா அங்கிள்?"

தெருவில் அவன் அம்மா யாருக்கோ பொட்டலம் கட்டிக்கொண்டே சிரிக்கும் சத்தம் கேட்டது.

"நான் மறைச்சதுக்கு எபி அடி வாங்குனான்பா. நீ மறைச்சா யாரு வாங்குவாங்கன்னு பாரு" என்றேன். வாசலைக் கைகாட்டினேன். "நான் போய்ச் சொல்ல மாட்டேன்னு நெனைக்காதே. மூணு மணிக்கு நீ கிரவுண்டுல எறங்குனா, நான் நேரா ரெஃப்ரிகிட்ட போவேன். அப்புறம் நீ என்னை ஜென்மத்துக்கும் திட்டு. அத நான் வாங்கிக்கிறேன்."

"போங்க அங்கிள்" என்றான்.

மூன்று மணி. மைக்கில் பதினோரு பேரையும் வாசித்தார்கள். ஒன்பதாம் நம்பர் லோகேஷ். மைதானமே எழுந்து கத்தியது. நான் படியிலிருந்து இறங்கிக் கோட்டுக்குப் போனேன். கன்னியப்பன், "மாசிணா, எங்க போறே?" என்று கூப்பிட்டான். ஒரு போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார். அவர் கைக்கு மேலாக நான் லோகேஷைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான்.

நடுவட்டம் வரை போனவன் அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ரமணனிடம் நடந்தான். அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் முகம் மாறியதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன்.

கூட்டம் ஊளையிட்டது. "பயந்தாங்கொள்ளி" என்று கத்தினார்கள். என் பக்கத்தில் நின்றவனே கத்தினான். அதைக் கேட்டுக்கொண்டு அவன் வெறுங்காலோடு அந்தப் பத்துப் படியையும் ஏறினான்.

இரண்டு – ஒன்று தோற்றோம்.

டீக்கடையில் எல்லோரும் அவனைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான் கிளாஸைக் கீழே வைத்தேன். லோகேஷைப் பற்றி அவனே சொல்லட்டும், என்னுடையதை நான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். நின்றுகொண்டே சொன்னேன். கல் விழுந்த சத்தத்தையும் சொன்னேன். மனுவில் நான் எழுதிய அந்த ஒரு வரி பொய் என்றும் சொன்னேன்.

ஷாஜகான் நோட்டை மூடினான். கன்னியப்பன் மட்டும், "எங்கப்பன் அன்னிக்கு அந்த வூட்டாண்ட கல்லு போட்டான்ணா. பெருமையா சொல்லுவான்" என்றான். ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி 13, புதன்

எபி வீட்டுக்குப் போனேன். அவனுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத் தயாராகிப் போனால், அவன் என்மேல் பாய்ந்தான்.

"முப்பத்தொரு வருஷம் எங்கம்மா மேல சத்தியம் பண்ணிட்டு வாயை மூடிக்கினு இருந்தேன். அம்மா சாவும்போதுகூட அவங்ககிட்ட சொல்லல. நீ டீக்கடைல ஒரு டீ ஆறறதுக்குள்ள ஒட்ச்சுட்டியேடா!"

"மன்னிச்சுடு எபி."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம். உக்காரு."

உட்கார்ந்தேன். பேசியது எல்லாம் எழுத வேண்டியதில்லை. சண்டையும் போட்டோம். ஒரு தடவை அவனும், ஒரு தடவை நானும் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தோம். பசிக்கிற நேரத்துக்கு மீன் குழம்பு போட்டார்கள்.

லோகேஷை அவன் அம்மாவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இனி ஆடக் கூடாது, மாத்திரை தொடர்ந்து சாப்பிட வேண்டும். அந்த வேலை இல்லை. எபி தன் மைத்துனர் வைத்திருக்கும் மருந்துக் கடையில் கேட்டிருக்கிறான். லோகேஷ் போவதா வேண்டாமா என்று இன்னும் சொல்லவில்லை. என்னிடம் அவன் பேசவில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு

ஒன்று – பூஜ்யம் ஜெயித்தோம். நான் போகவில்லை. கோமளாவைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன். பழைய காயம் எப்போது பட்டது என்று கேட்டார். முதல் முறையாகச் சரியான வருஷத்தைச் சொன்னேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

கடைசி ஆட்டம். ஜெயித்தால் தங்கலாம்.

எபி வருவானா என்று தெரியாமல் ஒரு பேப்பரை அதிகமாக எடுத்துக்கொண்டு போனேன். வந்தான். கூட்டத்தோடு டிக்கெட் வாங்கி, எங்கள் படியில் வந்து உட்கார்ந்தான். முதல் ஐந்து நிமிஷம் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கன்னியப்பன் ஒரு பொட்டலம் வேர்க்கடலையை அவனிடம் நீட்டினான். எபி ஒரு கை அள்ளிக்கொண்டான். அதோடு சரி.

இருபதாம் நிமிஷம் எங்கள் லெஃப்ட் பேக் பந்தை வைத்துக்கொண்டு நின்றான். "போடுடா வலது பக்கம்! அங்க ஒருத்தன் ஃப்ரீயா கீறான் பாரு!" என்று எபி எழுந்து கத்தினான். பிறகு உட்கார்ந்து என்னைப் பார்த்தான்.

"இங்கேர்ந்து பாத்தா எல்லாமே ஈஸியா தெரியுதேடா மாசி."

"அதனாலதான் நாங்க இங்க உக்காந்துக்கினு கீறோம்" என்றான் ஷாஜகான்.

ஒன்று – ஒன்று. கடைசி நிமிஷம் எங்கள் பந்து கம்பியில் பட்டுத் திரும்பியது. விசில். பிரதர்ஸ் இறங்கியாகிவிட்டது. பையன்கள் புல்லில் படுத்துவிட்டார்கள். ரமணன் ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் தூக்கினார். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம், அதிக நேரம். எபி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அடுத்த வருஷம் கீழ் டிவிஷனில் ஆடப்போகும் அணியைப் பற்றி யார் முதலில் பேச்செடுத்தது என்று ஞாபகம் இல்லை. கீப்பரை மாற்ற வேண்டும் என்றேன் நான். அந்தக் கீப்பர் இன்னும் இரண்டு வருஷம் நிற்பான், ஸ்டாப்பரைத்தான் மாற்ற வேண்டும் என்றான் எபி.

"ஸ்டாப்பரா? சும்மா இருங்க சார்" என்று கன்னியப்பன் சீறினான். "உங்களுக்கு இன்னா தெரியும் ஃபுட்பாலைப் பத்தி?"

எபிதான் முதலில் சிரித்தான். கடலைத் தோல் சட்டையெல்லாம் சிந்தும்படி, இருமும்வரை சிரித்தான்.

பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்து முடிக்கும்போது ஆறரை ஆகிவிட்டது. எட்டுப் பேர் விஷயத்தில் இன்னும் ஒத்துவரவில்லை. நாளைக்கு மறுபடியும் கூடுகிறோம்.